சீட்டில் 0.71 என்று இருந்தது

பொங்கலுக்குத் தஞ்சாவூர் போயிருந்தபோது அப்பாவின் வண்டிக்குப் புகைச் சோதனை எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் வண்டி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். பத்து வருடம் அது என் வண்டி. டெல்லியில் மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தின் வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளை ஸ்விஃப்ட், டீசல். 2022 ஜூனில் அதை நான் டெல்லியை விட்டு அனுப்பினேன். அனுப்ப வேண்டியிருந்தது: பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று அப்போது தடை இருந்தது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட பிறகு இனித் தள்ளிப்போடக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி வாங்கியது 2012 ஜூன். அந்த வருடம் மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 70 ரூபாயைத் தாண்டியது. டீசல் சுமார் 41 ரூபாய். டீசல் விலையை அப்போது அரசாங்கமே மானியம் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மாதச் சம்பளக்காரர்கள் என்ன செய்வார்கள்? என்னோடு பள்ளியில் வேலை பார்த்தவர்களில் அந்த இரண்டு வருடங்களில் கார் வாங்கிய எல்லோரும் டீசல்தான் வாங்கினார்கள். முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். பெட்ரோல் வண்டியைவிட லட்சம் ரூபாய் கூடக் கொடுத்தோம். டீசல் என்பதற்காகச் சாலை வரியும் கூடக் கட்டினோம். அந்த வரி ஒரே தடவையாக வாங்கப்படுவது. ஆர்.சி.யில் செல்லுபடியாகும் நாள் 13-06-2027 என்று அச்சாகியிருந்தது. பதினைந்து வருடம். அந்தத் தேதியை நம்பித்தான் ஐந்து வருடக் கடனில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் வாங்கிய முதல் பெரிய பொருள் அது.

கடன் தவணை இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தபோது, 2015 ஏப்ரலில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்திலும் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டது. பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. ஆர்.சி.யில் அச்சடித்த தேதி அப்படியே இருந்தது. ஆனால் அதில் ஐந்து வருடத்துக்கு இனி அர்த்தமில்லை.

நான் காற்றைப் பற்றிக் கவலைப்படாதவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தீபாவளி முடிந்து பிப்ரவரி வரை என் வகுப்பில் இருமல் சத்தம் ஓயாது. முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளில் இரண்டு பேராவது பைக்குள் இன்ஹேலர் வைத்திருப்பார்கள். அதைப் பென்சில் டப்பாவோடு சேர்த்து வைக்கிறவர்களும் உண்டு. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. பள்ளியை மூடிவிட்டு வீட்டிலிருந்து கணினியில் பாடம் நடத்தினோம். ஜன்னலுக்கு வெளியே எதிர்த் தொகுதியின் மாடி தெரியவில்லை. இந்த ஊரில் புகையைக் குறைக்க யார் என்ன சட்டம் கொண்டு வந்தாலும் நான் அந்தப் பக்கம்தான். அதனால்தான் இந்த ஒரு சட்டம் எனக்கு இத்தனை வருடமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

2022 மார்ச்சில், கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போது, வழக்கம்போலப் புகைச் சான்று எடுக்கப் போனேன். பெட்ரோல் பங்க் மூலையில் ஒரு தகரக் கூண்டு. உள்ளே கணினி, பிரிண்டர், ஒரு பையன். முதலில் நம்பர் பலகையை கேமராவில் படம் எடுத்துக்கொண்டான். பிறகு விரல் தடிமனுள்ள ஒரு குழாயைக் கொண்டுவந்து சைலன்சருக்குள் செருகினான். "முழுசா அமுக்குங்க மேடம், விடுங்க, மறுபடி அமுக்குங்க" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தான். கியர் போடாமல் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கும்போது அந்தச் சின்ன எஞ்சின் கத்துகிற கத்தல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான்கைந்து தடவை மிதித்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். முதல் மிதிக்கு மட்டும் லேசாகச் சாம்பல் நிறத்தில் வந்தது, அடுத்ததற்கெல்லாம் ஒன்றும் தெரியவில்லை.

சீட்டு வந்தது. கே அளவு, அதாவது புகையின் அடர்த்தியைக் காட்டும் எண், 0.71. என் வண்டி பி.எஸ்.4, அதாவது வண்டிப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் அளவுகளில் நான்காம் படி; அந்த வகை டீசல் வண்டிக்கு 1.62 வரை இருக்கலாம்.  அனுமதித்ததில் பாதிகூட இல்லை. சான்று ஒரு வருடத்துக்குச் செல்லும் என்று அதிலேயே போட்டிருந்தது, 2023 மார்ச் வரை. ஆனால் வண்டி 2022 ஜூன் வரைதான் ஓடலாம். கட்டணம் நூறு ரூபாய் சொச்சம். அந்தப் பையனிடம் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டான்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சோதித்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, அப்புறமும் வயதைச் சொல்லி நிறுத்துவதென்றால், சோதனை எதற்கு?

இந்தக் கேள்வியோடு அங்கேயே நின்றிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நிற்க முடியவில்லை. நான் கணக்கு ஆசிரியை. அன்றிரவே பி.எஸ். அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பி.எஸ்.4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.025 கிராம் வரை நுண்துகள் விடலாம். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.6இல் அது 0.0045 கிராம். ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். நைட்ரஜன் ஆக்சைடு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகக் குறைந்தது. புதிய வண்டிகளில் துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது, என் வண்டியில் இல்லை. அந்தத் தகரக் கூண்டில் பார்த்தது கண்ணுக்குத் தெரியும் புகையின் அடர்த்தியை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி பார்ப்பதே இல்லை. ஆகவே 0.71 என்பது முழு உண்மை இல்லை. என் வண்டி புத்தம் புதிதாக இருந்த அன்றே இன்றைய வண்டியைவிட அழுக்கானதுதான். இதை ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் கணக்கை அங்கேயும் நிறுத்தக்கூடாது. பத்து வருடத்தில் என் வண்டி ஓடியது 61,000 கிலோமீட்டர். வருடத்துக்கு ஆறாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.025ஆல் பெருக்கினால் 150 கிராம் துகள். பி.எஸ்.6 டீசல் வண்டி ஒன்று வருடத்துக்கு 33,000 கிலோமீட்டர் ஓடினால் அதே 150 கிராம் வந்துவிடும். ஜெய்ப்பூருக்கும் சண்டிகருக்கும் சவாரி போகிற டீசல் வண்டிகள் அதைவிட எவ்வளவோ அதிகம் ஓடுகின்றன. இதெல்லாம் ஆய்வகத்துக்கான உச்ச வரம்புகள், சாலையில் இரண்டு வண்டியும் இதைவிடக் கூடவே விடும் என்பது தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். காற்றில் சேருவது ஒரு கிலோமீட்டருக்கு விடும் புகை பெருக்கல் ஓடிய தூரம். சட்டம் எண்ணியது இவை இரண்டையும் இல்லை, பிறந்த தேதியை.

கெடுவுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. ஸ்கிராப்பில் போடலாம். மின்சார வண்டியாக மாற்றலாம், ஆனால் அதற்குக் கேட்ட விலைக்கு வண்டியையே இரண்டு தடவை வாங்கலாம். அல்லது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாம். புரோக்கர்கள் மூன்றாவதைத்தான் தொழிலாகவே செய்தார்கள். அந்த வருடம் ஜனவரி 1 அன்று பத்து வருடம் தாண்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் வண்டிகளின் பதிவை டெல்லியில் ஒரேயடியாக ரத்து செய்திருந்தார்கள். அதனால் புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம். என்னிடம் வந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு 80,000 என்றார். ஆறரை லட்சம் கொடுத்து வாங்கியது. அதே மாதிரி வண்டி அதே வாரம் மதுரையில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு விலை போனதை என் தம்பி விளம்பரத்தைப் பார்த்துச் சொன்னான்.

வீட்டில் பேசி, அப்பாவுக்கே அனுப்புவது என்று முடிவானது. அப்பாவுக்கு எழுபத்து நான்கு. மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை கோயில், ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தார்.

என்.ஓ.சி. வாங்க மொத்தம் ஐந்து வாரம் ஆனது. வங்கியிலிருந்து கடன் முடிந்த கடிதம், அபராதம் பாக்கி இல்லை என்ற அத்தாட்சி, படிவம் 28 பல பிரதிகள். ஒவ்வொன்றிலும் சேஸ் நம்பரின் அச்சு வேண்டும். அதற்கென்று அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பானெட்டைத் திறந்து, இரும்பில் குத்தியிருக்கும் எண்களை ஈரத்துணியால் துடைத்து, மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பார். பிறகு அதன் மேல் செல்லோ டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தி, மெதுவாக உரிப்பார். பென்சில் கரியோடு பதினேழு எழுத்தும் எண்ணும் டேப்பில் வந்துவிடும். அதைப் படிவத்தில் ஒட்டுவார். என் வண்டிக்கு நான்கு தடவை உரித்தார். பத்து வருடம் ஓட்டிய வண்டிக்கு அப்படி ஓர் எண் இருப்பதை அன்றுதான் நான் முழுதாகப் படித்தேன்.

கிளம்புவதற்கு முன் எங்கள் மெக்கானிக் உஸ்தாத் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் காட்டினார். எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வால்வு அது. உள்ளே பழைய தோசைக்கல்லின் அடிக்கரி மாதிரிக் கறுப்பு அப்பிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார், பிரஷ்ஷால் தேய்த்தார், ஸ்ப்ரே அடித்தார். அரை மணி நேரத்தில் வெள்ளி நிறம் தெரிந்தது. "இதை வருஷா வருஷம் செய்யச் சொன்னால் ஒருத்தரும் கேட்பதில்லை. அடைத்துவிடச் சொல்லிக் கேட்கிறார்கள், பிக்கப் கூடுமாம்" என்றார். பத்து வருடம் ஆன என் வண்டி போக வேண்டும். வால்வை அடைத்து ஓட்டும் நாலு வருட வண்டி அந்தக் கூண்டில் சான்று வாங்கிக்கொண்டு ஊரில் ஓடலாம். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

கணவரும் நானும் மாற்றி மாற்றி ஓட்டி நான்கு நாளில் தஞ்சாவூர் சேர்ந்தோம். குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத். ஜூன் வெயில். லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கொடுத்தது. தமிழ்நாட்டில் மறுபதிவுக்கு மறுபடியும் வரி கட்டினோம். டிஎன் 49 என்று புதிய எண் வந்தது. டெல்லியில் டீசல் வண்டிக்கு ஒட்டும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் மட்டும் முன்கண்ணாடியில் அப்படியே இருந்தது.

டெல்லி திரும்பும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது. டெல்லிக்கு ஆகாத புகை தஞ்சாவூருக்கு மட்டும் ஆகுமா? ராஜஸ்தானுக்கும் பீகாருக்கும் ஆகுமா? அந்தச் சட்டத்தால் என் வண்டி நின்றுவிடவில்லை, 2,400 கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. அதன் புகையை இப்போது என் அப்பா சுவாசிக்கிறார். அதைச் செய்தது நான். எங்கள் ஊரில் வயல்காற்று, வண்டி குறைவு என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும் அது சரியாகப் பொருந்தவில்லை.

என் கதை இப்படி. மாவு அண்ணாவின் கதை வேறு. விழுப்புரம் பக்கத்துக்காரர், எங்கள் பகுதித் தமிழ் வீடுகளுக்கு இட்லி மாவு, கறிவேப்பிலை, வாழைப்பூ, முருங்கைக்காய் கொண்டு வருபவர். 2007 ஆம்னி, சி.என்.ஜி. மாட்டியது. பி.எஸ்.3. அதே 2022இல் அவர் வண்டிக்கும் பதினைந்து முடிந்தது. ஊருக்குக் கொண்டுபோய் ஓட்ட அங்கே யாரும் இல்லை. காயலான் கடையில் 24,000 கொடுத்தார்கள். தவணையில் ஒரு பேட்டரி மூன்று சக்கர வண்டி எடுத்தார். சி.என்.ஜி. செலவு மிச்சம், அது நல்லதாகத்தான் ஆனது என்று அவரே சொல்வார். ஆனால் முன்பு காலையில் நொய்டா, மாலையில் துவாரகா என்று போய்வருவார். இப்போது அவ்வளவு தூரம் சார்ஜ் தாங்காது. துவாரகா வீடுகள் போயின. அவர் இருப்பது நான்காவது மாடி வாடகை வீடு, கீழே ப்ளக் கிடையாது. ராத்திரி ஒரு சார்ஜ் போடும் கொட்டகையில் காசு கொடுத்து விட்டுவிட்டு நடந்து வருகிறார். "விடியக்காலம் மூணு மணிக்கு அங்க போய் எடுத்துட்டு வரணும் டீச்சர். குளிர்காலத்துல அதுதான் கஷ்டம்" என்றார். மாவு வைக்கும் பெரிய பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தார், குளிரில் புளிக்க மாட்டேன் என்கிறதாம்.

அவர் விட்டுக்கொடுத்த துவாரகா வீடுகளுக்கு யார் என்ன ஈடு கொடுத்தார்கள்? பழைய வண்டியை ஒழிக்க வேண்டும் என்றால், அதை ஓட்டிப் பிழைப்பவருக்குச் சுத்தமான வண்டி வாங்கப் பணமும், அதைச் சார்ஜ் போட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ப்ளக்கும் முதலில் வந்திருக்க வேண்டும். தடை முதலில் வந்தது. மற்றது இன்னும் வழியில் இருக்கிறது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூலை 1 முதல் வயது முடிந்த வண்டிகளுக்கு டெல்லி பங்குகளில் எண்ணெய் கிடையாது என்றார்கள். நம்பர் பலகையைப் படிக்கும் கேமராக்கள் வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களிலேயே தள்ளிவைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பர் 17 அன்று அதைத் திருத்தியது: அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டும், பி.எஸ்.3க்கும் அதற்குக் கீழே இருப்பவற்றுக்கும் இல்லை.

செய்தியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வயதை விட்டு, வண்டி எந்த அளவுக்குக் கட்டப்பட்டது என்று பார்ப்பது நிச்சயம் நல்ல திருப்பம். நான் 2022இல் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். என் வண்டி பி.எஸ்.4. அன்றைக்கு இந்த உத்தரவு இருந்திருந்தால் அது வேப்பமரத்தடியிலேயே நின்றிருக்கும். காற்று மிக மோசமாகும் நாட்களில், கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் படி வரும்போது, பி.எஸ்.4 டீசலை எடுக்கக்கூடாது என்ற விதி அப்போதும் இருக்கும். அந்த நாட்களில் மெட்ரோவில் போவேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது காற்றைப் பார்த்து எழுதிய விதி. 80,000க்கு விற்றுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன். மாவு அண்ணாவின் ஆம்னி இருந்திருந்தால் இந்தத் திருத்தத்திலும் தப்பியிருக்காது. எப்படியும் அது 2022லேயே உருக்கப்பட்டிருக்கும்.

தஞ்சாவூரில் அப்பா வண்டியைத் துடைத்து வைத்திருந்தார். மூன்றரை வருடத்தில் 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சான்று எடுக்கப் போவதற்கு முதல் நாள் பக்கத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஏர் ஃபில்டரை மாற்றச் சொன்னேன், இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றச் சொன்னேன். "நல்லாத்தானே ஓடுதுக்கா, எதுக்குக் கழட்டணும்?" என்றான். கழற்றச் சொன்னேன். கறுப்பு திரும்ப ஏறியிருந்தது, பாதி அளவு. பக்கத்திலேயே நின்று, வெள்ளி தெரியும் வரை தேய்க்க வைத்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சோதனையில் 0.84. சீட்டை டேஷ்போர்டில் வைக்கத் திறந்தபோது பழைய சீட்டுகளை அப்பா ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருந்தது தெரிந்தது. 0.77, 0.79, 0.80. "கூடிக்கிட்டே வருதேம்மா" என்றார். ஆமாம்ப்பா, ஒன்றைத் தாண்டினால் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றேன். சட்டம் 1.62 வரை விடுகிறது. எங்கள் வீட்டுக்கு ஒன்று. அப்பா பேனாவை எடுத்து கிளிப்பின் மேல் சீட்டின் பின்பக்கத்தில் 1.00 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.